இலங்கை மலையகத்துப் பழைய பங்களாக் கணப்பில் விறகு இன்சர்ட் பொருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, கந்தப்பளை, லிந்துலை, அப்புத்தளைப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் ஜனவரி இரவொன்றைக் கழித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முன்னறையில் பெரிய கணப்பு திகுதிகுவென்று எரியும். முகம் சுடும், முதுகு குளிரும். பக்கத்து அறைக்குள் போனால் நெருப்பு மூட்டுவதற்கு முன் இருந்ததைவிட அதிகக் குளிர். இது மனப்பிரமை இல்லை. திறந்த கணப்பில் எரியும் விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறைக்குள் தங்கும். மீதி சிம்னி வழியாக மேலே போய்விடும். போகும்போது அறையில் இருந்த வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, ஜன்னல் இடுக்குகளால் பனிக்காற்று உள்ளே வரும்.

இன்சர்ட் என்பது இந்தக் கணப்புக்குள்ளேயே செருகி வைக்கும் இரும்பு அடுப்பு. முன்னால் கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திருப்பி, மேலே புகைக்குழாய்க்கு ஒரு வாய். நல்ல இன்சர்ட் விறகின் சூட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அறைக்குத் தரும். அதே குளிருக்கு முன்பு எரித்த விறகில் ஒரு சிறு பங்கு போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலரும் பணத்தையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு, சிம்னிக்குள் இறங்க வேண்டிய குழாயை மறந்துவிடுகிறார்கள், ஈர விறகை எரிக்கிறார்கள். வீடு பாதுகாப்பாக இருப்பதும் அறை சூடாவதும் அந்தக் குழாயையும் காய்ந்த விறகையும் நம்பித்தான் இருக்கின்றன. கையில் காசு குறைவென்றால் சின்ன, எளிய அடுப்பை வாங்குங்கள். குழாய்ச் செலவில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இந்த வழிகாட்டி செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டிய முழுச் சிம்னி உள்ள வீடுகளுக்கு மட்டும்தான். தோட்டத் தொழிலாளர்களின் லயக் காம்பராக்களில் உள்ள சமையல் அடுப்புக்கும் தகரக் குழாய்க்கும் இது பொருந்தாது.

முதலில் சிம்னியைப் பாருங்கள்

அடுப்பு வாங்கும் பேச்சே வேண்டாம், முதலில் சிம்னி. பல பங்களாக்களில் கணப்பை ஆண்டுக்கணக்கில் யாரும் மூட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே குருவிக்கூடு, வௌவால், தேன்கூடு, குளவிக்கூடு எது வேண்டுமானாலும் இருக்கலாம். குளவி என்றால் மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. புகை போட்டுக் கலைக்கப் பார்க்காமல், கூடு எடுக்கத் தெரிந்தவரை அழைத்து எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடுத்து, சிம்னியின் அளவுக்கேற்ற தூரிகையை நீளக் கம்பியில் பூட்டி, மேலிருந்து கீழ்வரை தேய்த்துக் கரியை இறக்குங்கள். கணப்பின் வாயைப் பழைய போர்வையால் இறுக்கி மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை முழுக்கக் கரிதான். இறங்கிய கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொடியாக, மங்கிய கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. கீல் (தார்) பூசியதுபோல் பளபளவென்று, ஸ்குரூ டிரைவரால் தட்டினால் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கிறது என்றால் அது கிரியோசோட். ஈர விறகின் புகை குளிர்ந்து சுவரில் படிந்து இறுகியது. இது எளிதில் தீப்பிடிக்கும், சாதாரணத் தூரிகைக்கு வரவும் வராது. முழுவதும் சுரண்டி எடுக்காமல் உள்ளே குழாய் இறக்கக் கூடாது.

சுத்தமானதும், டோர்ச்சும் ஒரு சிறிய கண்ணாடியும் வைத்துக் கீழிருந்து மேலே பாருங்கள். பழைய சிம்னிகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. உள்பக்கச் சாந்து உதிர்ந்து கற்களுக்கு நடுவே குழி விழுந்திருக்கும். சில வீடுகளில் கூரை உத்தரத்தின் முனையைச் சிம்னிச் சுவருக்குள்ளேயே செருகிவிட்டிருப்பார்கள். அப்படி மரம் தட்டுப்பட்டால், மேசன் ஒருவரைக் கொண்டு அதைச் சரிசெய்யும்வரை நெருப்பே மூட்டக் கூடாது.

பிறகு புகைச் சோதனை. கணப்பில் கொஞ்சம் ஈர வைக்கோலைப் புகையவிட்டு, புகை மேலே வரத் தொடங்கியதும் சிம்னியின் உச்சியை ஈரச் சாக்கால் மூடச் சொல்லுங்கள். கீழே கணப்பின் வாயையும் ஒரு தகட்டால் அடைத்துவிடுங்கள். இப்போது பக்கத்து அறை, மேல்மாடி, முக்கியமாகக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட இடம் என்று ஒவ்வொன்றாய்ப் போய்ப் பாருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், குழந்தைகள் வெளியே இருக்கட்டும். புகை கசியும் இடமெல்லாம் விரிசல் உள்ள இடம்.

விரிசலைப் பற்றி மலைநாட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. சிம்னி வீட்டுச் சுவரை விட்டு விலகி நின்றால், அல்லது புதிதாய் வாய்பிளந்த விரிசல் மழைக்குப் பிறகு அகன்றுகொண்டே போனால், அதைச் சிம்னிக் கோளாறு என்று மட்டும் எண்ணிச் சீமெந்து பூசிவிடாதீர்கள். நிலம் நகர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லிப் பார்க்க வையுங்கள். அடுப்பு வேலை அதுவரை காத்திருக்கட்டும்.

அளவெடுத்தல், வாங்குதல்

கணப்பு வாயின் அகலம், உயரம், உள்ளே ஆழம், பின்சுவரின் அகலம் ஆகியவற்றை அளந்துகொள்ளுங்கள். பழைய கணப்புகள் பின்னால் போகப் போகக் குறுகும், மேலேயும் சரிந்து வரும். முன்வாயை மட்டும் அளந்து வாங்கிய அடுப்பு பாதி உள்ளே போய் நின்றுவிடும். அடுப்பின் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி செய்து செருகிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். சிம்னியின் உயரத்தையும் உள் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பின் சக்தியை முடிவு செய்வதில்தான் கடைக்காரர்கள் பலர் தவறான ஆலோசனை தருகிறார்கள். அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து 14 ஆல் வகுத்தால் வருவது கிலோவாட் என்பது பிரித்தானியாவில் வழக்கத்தில் உள்ள கணக்கு. 20 அடிக்கு 15 அடி, 10 அடி உயரம் உள்ள அறை சுமார் 85 கன மீட்டர், ஆக 6 கிலோவாட் வரும். ஆனால் அது வெளியே தண்ணீர் உறையும் குளிருக்குப் போட்ட கணக்கு. நமக்கு நுவரெலியாவில்கூடப் பெரும்பாலான இரவுகளில் அறையைப் பத்துப் பன்னிரண்டு பாகை உயர்த்தினால் போதும். வீட்டில் இடுக்குகள் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும், இந்த அறைக்கு 5 கிலோவாட் தாராளம். பெரிய அடுப்பை வாங்கினால் அறை கொதிக்கும். உடனே காற்றை அடைத்து விறகைப் புகையவிடுவீர்கள். அந்தப் புகைதான் கிரியோசோட் ஆகிறது.

இன்சர்ட்டுகள் இங்கே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவிக்கப்படுபவை. தகட்டில் ஈஎன் 13229 என்ற ஐரோப்பியத் தரக் குறியீடோ அதற்கு இணையான வேறொன்றோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நெருப்புக்கல் (சூடு தாங்கும் செங்கல்) அல்லது வெர்மிகுலைட் பலகை, மேலே புகையைத் திருப்பி மறுபடி எரியவைக்கும் தடுப்புத் தட்டு, வெப்பம் தாங்கும் செராமிக் கண்ணாடி, இந்த மூன்றும் கட்டாயம். "இதே மாதிரி நான் அடித்துத் தருகிறேன்" என்று வெல்டிங் கடையில் சொல்வார்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவர்களை நம்பலாம், இதற்கு வேண்டாம். சாதாரணக் கண்ணாடி சூட்டில் வெடிக்கும், மெல்லிய தகடு வளைந்து கதவு மூடாமல் போகும், அப்போது கரியமில வாயுவைவிடக் கொடிய காபன் மோனொக்சைட் அறைக்குள் வரும்.

மின்விசிறி வைத்த மாதிரிகளும் உண்டு. மின்வெட்டு நேரத்திலும் தன்பாட்டில் வேலை செய்யும், விசிறி இல்லாத அடுப்பையே நான் சிபாரிசு செய்வேன்.

குழாய்

பழைய சிம்னியின் உள்ளளவு சாதாரணமாக 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் இருக்கும். அதாவது 144 சதுர அங்குலம். இன்சர்ட்டுக்குத் தேவை 6 அங்குலக் குழாய், வெறும் 28 சதுர அங்குலம். ஐந்து மடங்கு பெரிய, ஈரம் ஊறிய கல் கூட்டுக்குள் அந்தக் கொஞ்சப் புகையை விட்டால் அது குளிர்ந்து, சோர்ந்து, சுவரில் கீலாகப் படியும். இழுவையும் இருக்காது. அதனால்தான் அடுப்பின் வாயிலிருந்து சிம்னி உச்சிவரை ஒரே குழாயாக உள்ளே இறக்க வேண்டியிருக்கிறது.

விறகுக்கென்றே செய்த, 316 தர துருப்பிடிக்காத எஃகில் ஆன வளையும் குழாயைக் கேளுங்கள். அலுமினியக் குழாய் கேஸ் அடுப்புக்கானது, 660 பாகையில் உருகிவிடும். சிம்னித் தீ வந்தால் சூடு 1,000 பாகையைத் தாண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகரக் குழாய் சூட்டில் நச்சுப்புகை தரும். ஆஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய் சூட்டில் வெடித்துச் சிதறும். ஏற்கெனவே அப்படியொன்று உள்ளே இருந்தால், அறுக்காமல், உடைக்காமல், நனைத்து முழுசாக எடுக்கச் சொல்லுங்கள்.

குழாயைச் சுற்றி வெப்பக்காப்புப் போர்வை சுற்றியே இறக்குங்கள். நம் ஊரில் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் இருப்பதால் சிம்னிச் சுவர் காய்வதே அரிது. போர்வை இல்லாத குழாய் அந்தக் குளிரை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று, உயரம். அடுப்பு வாயிலிருந்து உச்சிவரை குறைந்தது 15 அடி வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது தாழ்நிலத்தை மனதில் வைத்துத்தான். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். இழுவையும் அதற்கேற்ப மெலியும். 18 அடிக்குக் குறைந்தால் மேலே நீட்டிக் கட்டுவது நல்லது. பெரும்பாலான பங்களாச் சிம்னிகள் இதைவிட உயரம் என்பதால் பலருக்கு இந்தச் சிக்கல் வராது.

குழாயை இறக்க மேலே இருவர், கீழே ஒருவர் வேண்டும். குழாயின் மீது ஓர் அம்புக்குறி இருக்கும். புகை போகும் திசையை அது காட்டும், தலைகீழாக இறக்கினால் உள்ளே வடியும் ஈரம் மடிப்புகளில் தேங்கிவிடும். கீழ்முனையில் கூம்பு மூடி பூட்டி, அதில் கயிறு கட்டி முதலில் கயிற்றை இறக்குங்கள். கீழே இருப்பவர் மெல்ல இழுக்க, மேலே இருப்பவர்கள் ஊட்ட வேண்டும். சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காமல், கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பி மறுபடி விடுங்கள். வளைவு எங்கும் 45 பாகையைத் தாண்டக் கூடாது.

பங்களாக் கூரைகள் பெரும்பாலும் தகரம். காலைப் பனியிலும் தூறலிலும் அதில் கால் நிற்காது. வெயில் ஏறி, தகரம் காய்ந்த பிறகே ஏறுங்கள். கூரையில் பலகை ஏணி போடாமலும் இடுப்பில் கயிறு கட்டாமலும் யாரையும் ஏற்றாதீர்கள். கூலிக்கு வரும் பையன் "பழக்கம்தான் ஐயா" என்றாலும் கயிறு கட்டவேண்டியது உங்கள் பொறுப்பு.

அடுப்பை உள்ளே வைத்தல்

பழைய இரும்புத் தட்டையும், தொண்டையில் இருக்கும் அடைப்புத் தகட்டையும் கழற்றிவிடுங்கள். தரை மட்டமாக இல்லையென்றால் நெருப்புச் சாந்தால் (சூடு தாங்கும் சாந்து) மட்டம் செய்யுங்கள். அடுப்பின் கதவுக்கு முன்னால் குறைந்தது 18 அங்குலம்வரை தரை கல்லாகவோ சிலேட்டாகவோ இருக்க வேண்டும். பல பங்களாக்களில் அதற்கு முன்பே மரப்பலகைத் தரை தொடங்கிவிடும். அப்படியானால் கருங்கல் பலகை ஒன்றைப் போட்டு நீட்டிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் மரத் தட்டு, அழகான தேக்குச் சட்டம் இவற்றுக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அதில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது.

அடுப்பு 100 கிலோவுக்கு மேல் இருக்கும். கதவையும் உள்கற்களையும் கழற்றினால் கனம் குறையும். இரண்டு பலகையும் மூன்று நான்கு இரும்புக் குழாய்த் துண்டும் வைத்து உருட்டி உள்ளே தள்ளலாம். கணப்பின் விளிம்பில் ஒரு சாக்கைப் போடுங்கள், அந்தக் காலத்து ஓடோ கல்லோ உடைந்தால் மாற்றுக்குக் கிடைக்காது.

இனிக் குழாயை அடுப்பு வாயில் செருகி, சுற்றிலும் மூன்று திருகாணி போட்டு, நெருப்புச் சாந்தால் அடைக்கவேண்டும். இதற்கும் மேலே, சிம்னித் தொண்டையை எஃகுத் தகட்டால் முழுவதும் மூட வேண்டும். குழாய் மட்டும் அதன் நடுவே போகும். தகட்டுக்கு மேல் கல்நார்ப் பஞ்சு என்று கடையில் எதையாவது தருவார்கள். ராக்வூல் என்றே கேட்டு வாங்கி அடையுங்கள். இந்தத் தகட்டை விட்டுவிட்டால் அடுப்பின் சூடு பின்பக்கமாகச் சிம்னிக்குள் ஏறிப் போய்விடும், திறந்த கணப்பின் கதைதான் மறுபடியும். கடைசியில் முன்சட்டத்தைப் பூட்டி, இடுக்கில் செராமிக் கயிறு வையுங்கள்.

உச்சி

குழாயின் தலையில் எஃகுத் தகடும், வலை வைத்த மழைத்தொப்பியும் வேண்டும். வலை இல்லாவிட்டால் அடுத்த வருடம் மீண்டும் கூடு. உச்சிச் சீமெந்து வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், தண்ணீர் தங்கக் கூடாது. சிம்னியும் தகரமும் சேரும் இடத்தின் ஈய மடிப்பைத் தடவிப் பாருங்கள், மஸ்கெலியா, டிக்கோயா மழைக்கு முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான்.

சிம்னி கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி உயரமாவது இருக்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். வீட்டுக்கு மேலே செங்குத்தான சரிவோ டர்ப்பன்டைன் மரக்கூட்டமோ இருந்தால் காற்று சுழன்று புகையைக் கீழே அமுக்கும். அப்புத்தளை இடைவெளியில் வீசும் காற்றை அறிந்தவர்கள், பின்னடிப்பைத் தடுக்கும் தொப்பியைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடலாம்.

காற்று, உயிர்

அடுப்புக்கு வெளிக்காற்று வேண்டும். ஜன்னல்களை எல்லாம் இறுக்கி அடைத்துப் புதுப்பித்த அறையென்றால் சுவரில் ஒரு காற்றுத்துளை, மூட முடியாத வகையில், வையுங்கள். காபன் மோனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்றுதான் தொடங்கும். எல்லோரும் சாதாரணக் குளிர் அலுப்பு என்று நினைத்துத் தூங்கப் போய்விடுவார்கள். அடுப்புள்ள அறையிலும் படுக்கையறையிலும் பற்றரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி வையுங்கள். அது ஒலித்தால் எல்லோரையும் வெளியே கொண்டுபோய், 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கவேண்டும். அடுப்பை ஆராய்வதெல்லாம் பிறகு. இரவில் தணலை மூடி வைத்துவிட்டுத் தூங்கும் பழைய பழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் நெருப்பு

சாந்து காய ஓரிரு நாள் விடுங்கள். பிறகு தீயைச் சிறிதாக மூட்டி ஆறவிடுங்கள். அடுத்த நாள் கொஞ்சம் பெரிதாக, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். முதல் தடவைகளில் பெயின்ற் வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்க, குளிர்ந்த அடுப்பில் ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தாள் தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கயிற்று அடைப்பு சரியில்லை. கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

மூட்டும்போது பெரிய கட்டை கீழே, சிறு கட்டை நடுவே, மிலாறு (மெல்லிய குச்சி) உச்சியில் வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். தீ கீழே இறங்கி வரும், புகை மிகக் குறைவு. காய்ந்த தேயிலை மிலாறுக்கு இணையான பற்றுவிறகு நான் கண்டதில்லை. அடுப்பு பிடித்துக்கொண்ட பிறகே காற்றைக் குறைக்க வேண்டும். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்றை அளவுக்கு மீறி அடைத்துவிட்டீர்கள்.

விறகு

டர்ப்பன்டைன், கிரெவிலியா, பிடுங்கிய தேயிலைக் கட்டை எல்லாமே எரியும், காய்ந்திருந்தால். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். டர்ப்பன்டைன் வெட்டியவுடன் பிளந்துவிடுவது நல்லது, காய்ந்து முறுகிவிட்டால் கோடரி இறங்காது. நான்கைந்து அங்குலக் கனத்துக்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிடுங்கள். நாலாபக்கமும் பொலித்தீன் சுற்றினால் உள்ளேயே அவிந்து பூஞ்சை பிடிக்கும்.

எப்போது காயவைப்பது? தேயிலையைக் கேளுங்கள். திம்புள்ளைப் பக்கம் நல்ல தேயிலை வரும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே காய்ந்த காற்று வீசும். ஊவாவில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. கொழுந்தை மணக்கவைக்கும் அதே வரண்ட காற்று விறகையும் காயவைக்கும். உங்கள் பக்கத்துக்குரிய அந்தக் காலத்துக்கு முன்பே பிளந்து அடுக்கி முடித்திருக்க வேண்டும். அது தவறினால் பெரும்பாலும் அடுத்த வருடம்தான். ஈரமானி இல்லாதவர்கள் ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்றால் அந்த ஊர்க் காற்றில் காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது.

பெயின்ற் அடித்த பலகை, பிளாஸ்டிக், பழைய தேயிலைப் பெட்டிப் பலகை எதுவும் உள்ளே போகக் கூடாது. தேயிலைப் பெட்டி பசை போட்டு ஒட்டிய பிளைவுட். உள்ளே ஈயத் தகடோ அலுமினியத் தகடோ ஒட்டியிருக்கும், மிகப் பழையவற்றில் ஈயம்தான்.

பராமரிப்பு

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து, வெளியே கல்லின் மேல் இரண்டு மூன்று நாள் வையுங்கள், உள்ளே தணல் அவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும். ஆறியதைக் கரட், லீக்ஸ், கோவாப் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலைச் செடிக்குப் போடாதீர்கள். அதற்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் அதைக் கெடுக்கும்.

சிம்னிக்குள் ரயில் போவதுபோல் இரைச்சல் கேட்டால் அது சிம்னித் தீ. கதவையும் காற்றுத் திருப்பியையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், தீயணைப்புப் படையை 110 இல் அழையுங்கள். சூடான குழாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ அணைந்தாலும், குழாயை முழுவதும் பரிசோதிக்காமல் மறுபடி மூட்ட வேண்டாம்.

தூரிகை வருடத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். கரி 3 மில்லிமீட்டர் கனம் படிந்துவிட்டால் அதற்கு முன்பே. நுவரெலியா, அட்டன் பக்கத்தில் ஏப்ரல் சுற்றுலாச் சீசன் முடிந்தவுடன், தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள். மழை ஈரம் கரியோடு சேர்ந்தால் அமிலமாகி எஃகுக் குழாயையே அரிக்கும். ஊவாக்காரர்கள் ஒக்டோபருக்குள் செய்துவிட்டால், வடகீழ் மழையும் குளிரும் வரும்போது குழாய் சுத்தமாக இருக்கும்.